சொந்த வீட்டு அடைப்பு

அந்தப் பகுதியில் சிங்க் அடைத்துக்கொண்டால் எல்லோரும் கூப்பிடுவது ஸ்பிரிங்கைத்தான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் கழிவுக் குழாய்க்குள் நீளமான இரும்பு ஸ்பிரிங்கை விட்டு அடைப்பெடுக்கும் தொழிலிலேயே பாதி ஆயுளை ஓட்டியவனை இனி யார் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள்? ஆள் கெட்டிக்காரன். சொன்ன நேரத்துக்கு வருவான், சொன்ன காசுக்கு மேல் கேட்க மாட்டான், போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போவான். அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வரும் போன்களில் பாதி, "அந்த ஸ்பிரிங்கையே அனுப்புங்க" என்றுதான் வரும்.

இவ்வளவு பேர் வாங்கிய மனிதன் எட்டிக்கூடப் பார்க்காத சிங்க் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது அவன் வீட்டுச் சமையலறையில் இருந்தது.

மூன்று வாரமாக அடைப்பு. முதல் வாரம் அவன் மனைவி, "என்னங்க, தண்ணி இறங்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று நயமாகத்தான் சொன்னாள். "நாளைக்குப் பார்க்கிறேன்டி" என்றான். இரண்டாம் வாரம் குரலில் காரம் ஏறியது. "ஊர்ல இருக்கிற அடைப்பெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுது, நம்ம வீட்டுது மட்டும் தெரியலையா?" அதற்கும் நாளைக்குத்தான். அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு அழுக்கில் கைவிட்டுத் துழாவியவனுக்கு, வீட்டுக்கு வந்தும் அதே வேலை என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் நாள் பூராவும் அடுத்தவர் புலம்பலைக் கேட்டுவிட்டு வரும் அவளுக்கும் அப்படித்தானே இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

சிங்க்கைப் பற்றி மட்டுமில்லை, எதைப் பற்றியும் கேட்பதில்லை. "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். "பால் தீர்ந்துடுச்சு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கி வருவாள். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். வாயே திறக்காதவளிடம் என்னவென்று பேசுவது? தன்னை அடியோடு கைகழுவி விட்டாளோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வீட்டில் வேறெதையும் கழுவ அப்போதைக்கு வழியில்லை என்பது தனிக்கதை. முன்பெல்லாம் அவள் ஒரு வேலை சொன்னால் முகத்தைச் சுளித்தவன், இப்போது ஒரே ஒரு வேலை சொல்ல மாட்டாளா என்று ஏங்கினான்.

அப்படியானால் அந்த அடைப்பை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் வீம்பு வந்து குறுக்கே நின்றது. அவள் இன்னொரு முறை கேட்கட்டும், அந்த நிமிஷமே எழுந்துவிடலாம் என்று அவன் காத்திருந்தான். அவளோ கேட்கிற வழியாய் இல்லை.

அன்று காலை கம்பெனியில் போன் எடுக்கும் அம்மா அவனைக் கூப்பிட்டார். வழக்கமாகச் சிடுசிடுப்பவர், அன்று என்னவோ தேன் ஒழுகப் பேசினார்.

"ஸ்பிரிங்கு, ஒரு கிச்சன் சிங்க்கு. உங்க தெருதான். அங்க போய் நின்னுட்டு எனக்கு போன் பண்ணுங்க, நம்பர் சொல்றேன்."

சொந்தத் தெரு என்றதும் அவனுக்குச் சந்தோஷம். வேலையை முடித்து வீட்டுக்குள் நுழைந்து ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். தெருவில் வண்டியை நிறுத்திப் போன் செய்தான். அந்த அம்மா நம்பரைச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். அதே நம்பர்தான்.

"அம்மா, அது என் வீடும்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கஸ்டமர் காலையில கூப்பிட்டாங்க, நல்ல ஆளா அனுப்புங்கன்னு சொன்னாங்க. நம்ம கிட்ட இருக்கிற நல்ல ஆள் நீங்கதானே?" என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டார்.

சொந்த வீட்டு அழைப்புமணியை அவன் அழுத்துவது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவள் வேலைக்குப் போகிற உடுப்பில் பளிச்சென்று நின்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"வாங்க சார். அடைப்பெடுக்க வந்தீங்களா?"

"என்னடி கூத்து இது?"

"உங்க கம்பெனியில கஸ்டமரை 'டி' போட்டுத்தான் பேசுவாங்களா சார்? ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்கட்டுமா?"

எதிர்வீட்டு மாமா செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவன் திருதிருவென்று விழித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் 'நீ' என்பதைத் தாண்டி வேறெதுவும் சொன்னதில்லை. நாக்கு புரளவே மாட்டேன் என்றது.

"நீ... நீங்கதான் போன் பண்ணீங்களாம்மா?"

"ஆமாம் சார். உள்ள வாங்க. ஷூவுக்கு உறை மாட்டிக்கிட்டு வாங்க. உங்க ஆளுங்க மாட்டிக்குவாங்கன்னு போன்ல சொன்னாங்க."

அவன் மாட்டிக்கொண்டான். தினமும் சேற்றுக் காலோடு உள்ளே போகிறவன், அன்று பூனை போல நடந்து போனான். அவளிடம் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: கேலிக்காகவாவது, ஒரு வாரத்தில் பேசாததை அவள் இந்த இரண்டு நிமிஷத்தில் பேசிவிட்டாள். 'சார்' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது.

புது வீட்டுக்குப் போனால் முதலில் எங்கெங்கே தண்ணீர் போகிறது என்று பார்ப்பது அவன் வழக்கம். சிங்க்கைப் பார்த்தான், விளிம்பு வரை கலங்கல் நீர். "வேற எங்கயாவது இறங்காம நிக்குதாங்க?" என்று கேட்டபடி குளியலறைக்குப் போனான். அங்கே தரையில் ஒரு குட்டி ஸ்டூல் கிடந்தது. பக்கத்தில் பக்கெட் நிறையப் பாத்திரம், ஒரு நார், சோப்புக் கட்டி. கதவுப்பிடியில் முழங்காலுக்குப் போடும் வலிப்பட்டை ஒன்று தொங்கியது.

மூன்று வாரமாக மேஜைக்குக் கழுவின தட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அது எங்கே கழுவப்படுகிறது என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. காலையில் அதே குளியலறையில் குளித்தவன்தான், அந்த ஸ்டூலைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குளித்திருக்கிறான். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இங்க சரியா இறங்குது சார்" என்றாள் அவள், வாசலில் நின்றபடி. "சிங்க்தான் பிரச்சினை. எவ்வளவு ஆகும்?"

"அதெல்லாம் ஒண்ணும்..."

"இல்ல சார், ரேட்டைச் சொல்லிட்டுத்தான் கை வைக்கணும்."

அது அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிகிற சட்டம். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"வந்து பார்க்கிறதுக்கு ஒரு சின்ன சார்ஜ்ங்க. ரப்பர் பம்ப்பு போட்டு எடுக்கிறதும் கீழே வளைவுக் குழாயைக் கழட்டிக் கழுவுறதும் அதுலயே அடங்கிடும். அதுக்கும் போகலைன்னா ஸ்பிரிங் விடணும், அதுக்கு இன்னொரு மடங்கு. தண்ணியைப் பிரஷர்ல அடிக்கிற மெஷின்னா நாலு மடங்கு ஆகும். அது வெளிய தெருக்குழாய் வரைக்கும் அடைச்சிருந்தாத்தான் வேணும்."

"கேமரா விட்டுப் பார்ப்பாங்களாமே? எங்க கிளினிக்குக்கு வர்ற ஒரு அம்மா வீட்டுல முதல்ல அதைத்தான் விட்டாங்களாம்."

"எடுத்த எடுப்புல கேமரா விடுறவன் உங்க குழாயைப் பார்க்க வரலைங்க, உங்க பர்ஸைப் பார்க்க வந்திருக்கான். எடுத்த அடைப்பு திரும்பத் திரும்ப வந்தா அப்பக் கேமரா விடலாம். இப்ப வேணாம்."

அவள் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தாள். வெளியே அவன் எப்படி வேலை செய்கிறான் என்பதை அவள் கேள்விப்பட்டதோடு சரி. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க" என்றாள். இந்தத் தடவை சாரைக் காணோம்.

தரையில் பழைய விரிப்பைப் போட்டு உட்கார்ந்தான். தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு ரப்பர் பம்ப்பை வைத்து அழுத்தினான், அசையவில்லை. வாளியை அடியில் வைத்து வளைவுக் குழாயைக் கழற்றினான். அதில் பருக்கையும் ஒரு ஸ்பூனும்தான் இருந்தன. அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துச் சுவர்க் குழாயில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். ஒரு கை நீளம் போனதும் எதிலோ முட்டியது. அந்த முட்டல் விரலுக்குத் தெரியும்போது அவன் முகம் எப்போதும் கொஞ்சம் மலரும். நிதானமாகத் திருகித் திருகி இழுத்தான். மொத்தையாக ஒன்று வெளியே வந்தது.

சாம்பல் நிறக் கட்டி. உறைந்த எண்ணெயில் நறநறவென்று மணல் கலந்திருந்தது. கூடவே எலுமிச்சை வாசனை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மணல் கலந்த அந்த எலுமிச்சைப் பசையைக் கைகழுவப் பயன்படுத்துவது அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான். இரும்பு ஸ்பிரிங்கின் மசகும் கருப்பும் சாதாரண சோப்புக்குப் போகாது. அடைப்பு விழுவதற்கு முன்பு, குளியலறை வரை போகச் சோம்பல் பட்டு, சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் சமையலறை சிங்க்கிலேயே வழித்து வழித்துத் தேய்த்துக் கழுவிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை சமையலைக் கையில் எடுத்தால், வாணலியில் மிஞ்சிய எண்ணெயையும் அங்கேயே கவிழ்ப்பான்.

"என்ன சார், காரணம் தெரிஞ்சுதா?"

எந்த வீட்டுக்குப் போனாலும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் அவன் பையை மூடுவான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "நாங்க எதுவுமே போடலையே!" அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வரும். இப்போது 'பழைய குழாய்ங்க' என்று சொல்லித் தப்பிக்க அவன் வாயும் துடித்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் குட்டி ஸ்டூல் மனசை விட்டுப் போகவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தாங்க காரணம்" என்றான், கட்டியைப் பார்த்தபடியே. "கைகழுவுற மணல் சோப்பை இதுல விட்டிருக்கார். எண்ணெயும் ஊத்தியிருக்கார்."

"அப்படியா? அவர் அதெல்லாம் விவரம் தெரிஞ்சவராச்சே."

"விவரம் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கார். சோம்பேறித்தனம்."

அவன் நிமிராமலே பேசினான்.

"நீங்க கேட்டது அவர் காதுல விழுந்துச்சுங்க. விழலைன்னு இல்ல. வெளிய எவன் கூப்பிட்டாலும் ஓடுறார், வீட்டுல இருக்கிறவங்கதானேன்னு இருந்துட்டார். நீங்க அங்க குந்திக்கிட்டுப் பாத்திரம் தேய்ச்சதை அவர் பார்க்கலை. பார்த்திருக்கணும். அது தப்புதாங்க. ரொம்பத் தப்பு."

அவள் குளியலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

குழாய்களை மாட்டி, சிங்க்கில் தண்ணீரை நிரப்பி, அடைப்பானை எடுத்துவிட்டான். தண்ணீர் ஒரு சுழி போட்டுக் கடகடவென்று இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மறுபடி திறந்துவிட்டாள், மறுபடி இறங்கியது. மூன்றாவது முறையும் திறந்தாள், சும்மா பார்ப்பதற்காக. கம்பெனி ரேட்டை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் அவனை வெளியே விட்டாள். வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியவன், வாசல் குழாயிலேயே கையைக் கழுவிவிட்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். மேஜையில் சாப்பாடு இருந்தது. அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரூம் ஜன்னல் கொக்கி கழண்டு தொங்குது" என்றாள் திடீரென்று. "காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்குது. எனக்குத் தூக்கமே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமாவா? ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"இப்ப சொல்றேன்ல."

அவனுக்கு அடுத்த கவளம் இறங்கவில்லை. எழுந்து பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான். "சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க, ஜன்னல் எங்கயும் ஓடிடாது" என்று அவள் பின்னாலிருந்து அதட்டினாள். அவன் கேட்கவில்லை. அவள் அத்தோடு விடுகிறவளா? ஜன்னலடிக்கே வந்து நின்றுகொண்டு, பீரோ சாவி சிக்குவதை, பரண் பலகை ஆடுவதை, கொடிக்கயிறு தொய்ந்துபோனதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஸ்க்ரூவைத் திருகியபடி அவன் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினான். மனசு நிறைந்திருந்தது. அவள் இன்னும் ஏதாவது சொல்லட்டும் என்று, முறுக்கி முடித்த ஸ்க்ரூவை மறுபடி கழற்றி மெதுவாக மாட்டினான்.