தலைவர் வீட்டு நாய்

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து வீரய்யாவின் வீட்டில் மீன் வாடைகூட எழக் கூடாது. கோயில் தலைவர் வீடு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா காலத்திலிருந்தே அந்த மரியாதை அவர்களுக்குத்தான். வீட்டு நாய்க்குட்டிக்கும் அதே சட்டம்: பருப்புச்சோறு, கரைத்த பால்மா.

தாயில்லாத குட்டி. வயிறு கழிந்துகொண்டே இருந்தது. விலா எலும்பு துருத்தியது. முட்டையோ மீனோ கொடுக்கும்படி மிருக வைத்தியர் சொன்னதை மருமகள் யசோதினி எடுத்துச் சொன்னபோது வீரய்யா சீறினார்.

"திருவிழா முடியட்டும் தாயி. அதுக்குள்ள செத்தா போயிரும்?"

"போயிரும் மாமா. நடக்கவே தள்ளாடுது."

"தலைவர் வீட்டுல கவுச்சியா? வாய மூடு!"

மறுநாள் கோயில் பந்தலடியில் எல்லார் முன்னாலும், திருவிழா வேலைக்கு வந்திருந்த நிமலன் சிரித்தான்.

"தலைவரே, ஒங்க வீட்டு நாயி வேதத்துல சேந்துருச்சு போல! றீட்டாக்கா வாசல்ல மீன் சோறு திங்கிது."

வீரய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீடு இருந்த லயத்து வரிசைக்கு விறுவிறுவென்று இறங்கினார். வேடிக்கை பார்க்க நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண் றீட்டாவின் வாசலில் குட்டி தட்டுக்குள் முகம் புதைத்திருந்தது.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரக் கேக்கணும் அண்ணே? விரதம் நீங்க எடுத்தது. நாயுமா எடுத்துச்சு? ஒங்க வீட்டுல பட்டினி கெடந்து என் வாசலுக்கு வந்துச்சு. வெரட்டவா சொல்றீங்க?"

பட்டினி. பஞ்ச காலத்தில் லயம் முழுவதற்கும் கஞ்சி ஊற்றிய வீடு அது. அந்த வீட்டைப் பார்த்து ஒருத்தி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள், நாலு பேர் கேட்க.

குட்டியைத் தூக்கக் குனிந்தார். தினமும் அவர் காலை நக்குகிற குட்டி பல்லைக் காட்டி உறுமியது. தட்டைப் பறிக்க வந்தவராக அவரை நினைத்துவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீரய்யா நிமிர்ந்தார். லயம் முழுவதும் கேட்கக் கத்தினார்.

"யசோதினி! கொல்லையில மூணு கல்ல வச்சு முட்டைய அவி! வேற சட்டியில!"

"தலைவரே, அம்மன் காரியம்..." என்று நிமலன் இழுத்தான்.

"அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்டா. பொறுக்கலேன்னா வேற தலைவரப் பாத்துக்கங்க! ஏய் றீட்டா, இனிமே என் வீட்டு நாய்க்கு நீ ஒரு பிடி சோறு வச்சே, பாத்துக்க!"

குட்டி தட்டை நக்கி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார், ஒருவரையும் கிட்ட நெருங்க விடாமல்.