வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார்

எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் பட்டப்பகலில் திருடன் புகுந்துவிட்டான். டிவியைத் தூக்கிக்கொண்டு போனான், சரி, அது அவன் தொழில். அடுப்பின் மேலிருந்த குக்கரையும் தூக்கிக்கொண்டு போனான், மூடியை மட்டும் விட்டுவிட்டு. "மூடி இல்லாத குக்கரை வெச்சுக்கிட்டு அவன் என்னதான் பண்ணுவான்?" என்று டீச்சர் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். டிவி போனதைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை.

தையல்காரிக்கும் தூக்கம் போனது, ஆனால் வேறு காரணத்தால். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டான், வந்தாலும் தெருவில் யார் கண்ணிலும் படாமல் தூங்கிவிட்டுப் போய்விடுவான். வீட்டில் அவளும் மகளும்தான். மகளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, தெருவுக்கே அவள் 'வாலு'. திருட்டுச் சேதியைக் கணவனிடம் போனில் சொன்னதுதான் தையல்காரி செய்த தப்பு.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேணாம்" என்றான் அவன். "அடுத்த தடவை வரும்போது எங்க அக்கா வீட்ல கொண்டு விட்டுடறேன். மூட்டையக் கட்டி வை."

"மெஷினு?"

"வித்துடலாம்."

நாத்தனார் நல்லவள்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் தான் நல்லவள் என்பதை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக் காட்டுகிற நல்லவள். அந்த வீட்டில் துண்டை மடித்தால் மடிப்பு சரியில்லை, சிரித்தால் சத்தம் சரியில்லை, சும்மா உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் சரியில்லை. கல்யாணமான புதிதில் அங்கே இருந்து பார்த்தவளுக்குத்தானே தெரியும். திருடனாவது டிவியோடு போய்விடுவான். இந்த வீட்டின் திரைச்சீலை முதல் தலையணை உறை வரை அவள் கைத்தையல், இந்த மெஷின் அவள் சொந்தச் சம்பாத்தியம். இதை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் துண்டு மடிக்கப் போவதா?

"நீங்க வர்றதுக்குள்ள ஈ எறும்பு நுழைய முடியாதபடி இந்த வீட்டைப் பண்ணிக் காட்டறேன். அப்புறம் பேசுங்க" என்றாள்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்தான் அவன். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்றே மூளையைக் கசக்கினாள். நாய் வளர்க்கலாம் என்றால், வாலு ஒருத்தியை வளர்ப்பதிலேயே தாவு தீர்கிறது. கேமரா வைக்கலாம் என்றால், அது திருடனைப் படம் பிடிக்குமே தவிர திருடனைப் பிடிக்காது. யோசித்தபடியே கடைத்தெருவுக்கு நூல் வாங்கப் போனவள், பழைய சாமான் கடை வாசலில் அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். கறுப்புத் தோல், தடித்த அடி, ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். அதைப் போட்டு நடந்த மனிதன் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைந்திருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு வந்து, தன் செருப்புக்கும் வாலுவின் செருப்புக்கும் நடுவில் வாசலில் வைத்தாள். ஆளைப் பார்க்காமலே பயம் வந்தது. அவளுக்கே கொஞ்சம் வந்தது.

மறுநாள் காலையில் டீச்சர் பூட்ஸைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். "யாரு டெய்லரம்மா வந்திருக்காங்க?"

"எங்க அண்ணன்" என்று வாயில் வந்துவிட்டது.

"அண்ணனா! என்ன பண்றாரு?"

"பளு தூக்கறாருங்க."

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது பொய் வேண்டும் என்பது சும்மாவா? பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர், அடுப்பை நகர்த்த அண்ணன் ஒரு கை கொடுப்பாரா என்று வந்து கேட்டார். அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாவம் என்று அவர் தினமும் ஒரு பெரிய ரொட்டியை அண்ணனுக்கென்று தனியாக அனுப்பினார், வாலு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்று சொன்னாள், அதுதான் வினை. அன்றிலிருந்து டீச்சர் தன் சித்தப்பா மகளின் குணநலன்களை வாசலில் நின்று ஒப்பிக்கத் தொடங்கினார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று தையல்காரியும் தலையாட்டி வைத்தாள்.

வாலுவுக்குத் தனியாகப் பயிற்சி நடந்தது.

"வாசல்ல யாராவது ஏதாவது கேட்டா என்ன சொல்லணும்?"

"தெரியாதவங்ககிட்ட பேச மாட்டேன். மாமா உள்ள தூங்குறாரு."

"உன் பேரு சொல்லிக் கூப்பிட்டா?"

"மாமா உள்ள தூங்குறாரு."

"சாக்லேட் குடுத்தா?"

வாலு நிறைய நேரம் யோசித்துவிட்டு, "மாமாவுக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். மற்றபடி பயிற்சி பிரமாதம்.

கொல்லைப்புறம்தான் பாக்கி. அங்கே ஓர் ஆள் உயரச் சுவர், அதைத் தாண்டினால் சந்து. சுவரின் உள்பக்கம் நீளத்துக்குத் தையல் நூலை இழுத்துக் கட்டி, அதில் காலி டப்பாக்களைத் தொங்கவிட்டாள். சமையலறைப் பின்வாசல் படியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பட்டன்களைக் கொட்டிப் பரப்பினாள். சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், உருண்டைப் பட்டன், எல்லாம் பளபளவென்று வழுக்கும் ஜாதி. பரப்பி முடித்து நிமிர்ந்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயத்தில் ஆரம்பித்த வேலை எப்போது விளையாட்டாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்குத் தெரியாத சங்கதி இன்னொன்றும் உண்டு. கணவன் சொன்ன நாளுக்கு முன்னதாகவே ஊர் வந்து சேர்ந்துவிட்டான். நேராக வாசலுக்கு வந்து கதவைத் தட்டினால் அவன் மனுஷன். ஆனால் அவனுக்கு வாதத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. கொல்லைச் சுவரேறிக் குதித்து, சமையலறைக்குள் போய் நின்று, "பாத்தியா, எவ்வளவு சுலபம்!" என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். லாரியைப் பெரிய சாலையில் விட்டுவிட்டு, சந்து வழியாக வந்தான். வழித்தூசியும் சளியும் சேர்ந்து தொண்டை கட்டியிருந்தது. தாடி காடாக வளர்ந்திருந்தது. வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தான்.

வாலு பள்ளிவிட்டு வந்து தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தையல்காரி ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் டப்பாக்கள் தடதடவென்று மோதிக்கொண்டன.

மெஷின் நின்றது. ஓடிப்போய் சமையலறை ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். சுவரின் மேல், இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு காலாக, தாடிக்காரன் ஒருவன். விடுவாளா? வாசலுக்குப் பாய்ந்து பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். சமையலறைத் தரை அதிர தொம் தொம்மென்று நடந்தாள்.

"அண்ணே! பின்னாடி எவனோ வர்றான்! எந்திரிங்கண்ணே!" என்று தன் குரலில் கத்தினாள். பிறகு வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "எவன்டா அவன்?" என்று அண்ணன் குரலில் கர்ஜித்தாள்.

சுவரின் மேலிருந்தவன் காதைத் தீட்டினான். தன் வீட்டுக்குள் கனத்த காலடி, ஆம்பிளைக் குரல்! பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்! சோதனை, ஒத்திகை எல்லாம் மறந்து போய், கட்டின தொண்டையால் அலறினான்: "திருடன்! திருடன்!"

தையல்காரி ஒரு கணம் திகைத்து நின்றாள். திருடனே திருடன் என்று கத்துவதை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சரி, சத்தத்தில் நாம் குறைந்து போவானேன் என்று அவளும் கத்தினாள்: "திருடன்! திருடன்!"

உள்ளே ஒரு திருடன், வெளியே ஒரு திருடன், இரண்டு பக்கமும் அதே கூச்சல். அவன் குதித்துப் பின்வாசலைப் பார்த்து ஓடிவந்தான். படியில் கால் வைத்தான். பட்டன்கள் தம் கடமையைச் செய்தன. மல்லாக்க விழுந்தவன் எழுவதற்குள் பேக்கரிக்காரர் நடுச்சுவரைத் தாண்டி வந்து, மாவுக்கையோடு அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாக டீச்சர் குக்கர் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எங்கடா என் குக்கர்?" என்றார்.

"குக்கரா? நான் இந்த வீட்டுக்காரன்யா!" என்று கீழே கிடந்தவன் மூச்சுத் திணறினான்.

"வீட்டுக்காரனா? எங்க டெய்லரம்மா வீட்ல எல்லாரையும் எங்களுக்குத் தெரியும்" என்றார் பேக்கரிக்காரர். "அண்ணே! வெளிய வாங்க, ஆளைப் பிடிச்சாச்சு!"

அண்ணன் வரவில்லை. வாலு ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்தவனுக்கு உயிர் வந்தது.

"வாலு! நான் யாருன்னு சொல்லும்மா!"

"பேரெல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கான் பாருங்க" என்றார் டீச்சர்.

வாலு அந்தத் தாடியை உற்றுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "தெரியாதவங்ககிட்ட பேச மாட்டேன். மாமா உள்ள தூங்குறாரு."

மகளிடம் கணவன் வழக்கமாகச் சொல்கிற அந்த 'சொல்லும்மா'வில்தான் தையல்காரிக்கு ஆள் யாரென்று உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு தொம் தொம்மென்று வெளியே வந்தாள். பூட்ஸ் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்தவர்கள், பார்வையை மெல்லக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

"ஐயையோ, எந்திரிங்க! அவரு என் வீட்டுக்காரருங்க!"

பேக்கரிக்காரர் சுடுகல்லை மிதித்தவர் போல எழுந்தார். "அப்ப அண்ணன்?"

"எந்த அண்ணன்? இவகூடப் பொறந்தவங்க யாருமே கிடையாதுய்யா!" என்றான் கணவன்.

தையல்காரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அண்ணன் இவ்வளவுதாங்க" என்றாள். "பயமா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

டீச்சரின் முகம் கோணியது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். "எங்க சித்தப்பாகிட்ட மாப்பிள்ளை ரெடின்னு சொல்லிட்டேனே!" என்றவர், மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேக்கரிக்காரர் "என் ரொட்டி! அத்தனை ரொட்டி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். சிரித்துச் சிரித்துத் தையல்காரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிக்காதவன் ஒருவன்தான்.

எல்லாரும் போன பிறகு அவன் முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முதுகிலிருந்து பட்டன்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"ஈ எறும்பு நுழையலைல்ல? இப்ப சொல்லுங்க. எங்களைக் கொண்டு விடப் போறீங்களா?"

வாலு கொஞ்சம் தள்ளி நின்று, அவன் தாடியை இன்னும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லாத ஆளு தெருவுக்கே தெரிஞ்சிருக்கான்" என்றான். "இருக்கறவனை ஒருத்தருக்கும் தெரியலை. பெத்த புள்ளைக்கே தெரியலை." அவன் குரல் உடைந்தது சளியால் மட்டும் அல்ல. ஜெயித்த சந்தோஷம் அவளுக்குச் சட்டென்று வடிந்துபோனது.

"உள்ளூர் லோடு ஓட்டச் சொல்லி முதலாளி எப்பவோ கேட்டாரு. நான்தான் பெரிய ரோட்டை விட மாட்டேன்னு சுத்திக்கிட்டிருந்தேன்" என்றான்.

போன் அடித்தது. நாத்தனார். அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, அறை முழுக்கக் கேட்டது.

"ரூமை ஒழிச்சு வெச்சுட்டேன்டா. எப்ப கூட்டிட்டு வர்ற?"

"வேணாம்க்கா. அவங்க இங்கயே இருக்கட்டும்."

"தனியாவா? வீட்ல ஒரு ஆம்பிளை வேணாமாடா?"

"ஒரு ஆளு இருக்காருக்கா. இனிமே இங்கயேதான் இருப்பாரு."

"யாருடா அது?"

அவன் வாலுவைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்க்கா" என்றான்.

நாத்தனாருக்கே அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"காவலுக்கெல்லாம் நீங்க லாயக்கில்லை" என்றாள். "சும்மா வீட்ல இருங்க. அது போதும்."