இடுப்பளவில் ஒரு நீலக் கோடு

சூரியபிரகாஷ் கொடுத்துவிட்டுப் போன நீலப் பெயிண்ட் டப்பாவைப் பாண்டீஸ்வரி மாவு அரைத்து விற்கிற கிரைண்டருக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினாள். யாரும் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அல்ல. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனசு கேட்காது என்பதால்தான். டப்பா சின்னது, அதோடு வந்த பிரஷ்ஷும் சின்னது. ஆனால் ஒரு வாரமாகத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரையும் அது ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். போன ஐப்பசியில் கொட்டிய மழையில் வேலான் கண்மாய் நிறைந்து, தண்ணீர் இவர்கள் குடியிருக்கும் குயில் நகருக்குள் வந்துவிட்டது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் ஓடிப்போக மறுகால் என்று ஒரு வாய்க்கால் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மேலேதான் குயில் நகரின் பாதி இப்போது நிற்கிறது. ஒருவர் வாசலுக்குப் படி கட்டினார், இன்னொருவர் பைக் ஏறுவதற்குச் சரிவு கட்டினார், அவர் கட்டிவிட்டாரே என்று அடுத்தவர் அதைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். யாரும் வாய்க்காலை மூடவில்லை. எல்லாரும் அவரவர் வாசலைத்தான் சரிசெய்தார்கள். தண்ணீருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அது பழைய ஞாபகத்தில் வந்து வீடு வீடாக ஏறிவிட்டது.

இந்த வருஷம் ஆவணியில், எங்கே வடிகால் வெட்டுவது, எந்தத் தெருவைச் சுரண்டி இறக்கிப் போடுவது, மழை வந்தால் எந்தக் காலி இடத்தில் தண்ணீரை நிறுத்துவது என்றெல்லாம் அங்கே குடியிருப்பவர்களையே கேட்டுத் திட்டம் போடுவதாகச் சொல்லி ஒரு குழு வந்தது. அதில் ஒருவன்தான் சூரியபிரகாஷ். ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு பெயிண்ட் டப்பா கொடுத்தான். "போன மழையில உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சோ, அந்த உயரத்துல வாசல் சுவத்துல நீங்களே ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டை வச்சுத்தான் எந்தத் தெருவுல முதல்ல வேலைன்னு முடிவாகும்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். கேசரி சாப்பிட்டார்கள், டீ குடித்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

சுவரில் கோடு போடுவது என்றால், இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எழுதி வைப்பது போலத்தான். வீட்டை விற்க நினைப்பவர் என்ன செய்வார்? மாடியை வாடகைக்கு விட இருப்பவர்? அதனால் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. முதல் வீட்டில் முழங்காலுக்கு இருந்த கோடு அடுத்த வீட்டில் கணுக்காலுக்கு வந்தது. பாண்டீஸ்வரிக்குப் பக்கத்து வீட்டு சோணைமுத்து இன்னும் ஒரு படி மேலே போய், அதாவது கீழே போய், முதல் படிக்கும் கீழே ஒரு கோட்டை இழுத்துவிட்டார். அவருடைய வீட்டுக்கு உசிலம்பட்டியிலிருந்து ஒரு பார்ட்டி விலை பேசிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுச் சோபா வெள்ளம் வந்த அன்றைக்குத் தெருமுனை வரை மிதந்து போனதையும், அதை மீட்க அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனதையும் பார்த்தவள் பாண்டீஸ்வரி.

அவளுக்கும் வாயைத் திறக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மகள் தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ராம்கி வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இருவரும் ஒரு கல்யாண வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய், ஒரு தரகரை நடுவில் வைத்துப் பேச்சு இம்மட்டும் வந்துவிட்டது. இனி வீடு பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. காப்பியோடு எழுந்து, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்றால் சொல்லியனுப்பவே மாட்டார்கள். இதற்காகவே அவள் புருஷன் காசிமாயன் வீட்டுக்கு வெளிர்மஞ்சளில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தான். மினிபஸ் ஓட்டுகிற ஆள், ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் வந்து சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அந்த டப்பாவத் தொறக்காத. அவுக வந்துட்டுப் போகட்டும். திங்கக்கெழம நானே போடுறேன்" என்றான்.

"சனிக்கெழம சாயங்காலம் அந்தத் தம்பி வந்து கோட்டையெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருமாம். அதோட சரியாம்."

"அப்ப சனிக்கெழம நம்ம வீட்டுல தண்ணியே வரலன்னு இருந்துட்டுப் போகுது."

தமிழ்ச்செல்வி சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கோட்டப் பாத்துட்டு ஓடுற ஆளு, தண்ணியப் பாத்தா எங்கிட்டு ஓடும்மா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சோணைமுத்து வந்தார். மாவு வாங்க வந்தவர் போலத் தூக்குவாளியோடுதான் வந்தார். மாவு வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீ கோடு போடப் போறியா?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணே."

"போடாட்டிப் பரவால்ல. போட்டா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடு. நம்ம ரெண்டு வீடும் ஒட்டுன வீடு. உன் பக்கம் இடுப்புக்கு இருந்து, என் பக்கம் படிக்குக் கீழ இருந்தா, பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"நீங்க பொய் சொல்றீகன்னு நெனப்பான்."

"அதத்தான் சொல்றேன். ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொல்லிருவோம்."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வேறு வழியில்லாமலும் இருந்தது. பாண்டீஸ்வரிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு அவள் என்ன யோக்கியம்? அவள் டப்பாவும் சாக்குக்குக் கீழேதான் கிடந்தது. ஆனால் அவர் போன பிறகு ஒன்று புரிந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒருத்தி சரியாகக் கோடு போட்டுவிட்டால், மற்ற சுவர்களிலும் அவளே போட்ட மாதிரிதான். அப்படி ஒருத்தியாகத் தான் இருக்க வேண்டாம் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பெருக்கலாம் என்று ஃபிரிட்ஜை நகர்த்தினாள். பெயிண்ட் அடித்தவன் கெட்டிக்காரன். ஃபிரிட்ஜை நகர்த்தாமலே சுற்றிலும் அடித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அதற்குப் பின்னால் பழைய சுவர் அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு செம்மண் கறை, காய்ந்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. அவள் அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். இடுப்புக்கு வந்தது.

வெள்ளம் வந்த அன்றைக்கு விடிந்தபோது மாவுப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. கிரைண்டர் மோட்டார் புகைந்த வாடை வந்தது. தமிழ்ச்செல்வி சர்ட்டிபிகேட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்றாள், காலையிலிருந்து மத்தியானம் வரை. பெண் இப்போது கல்யாணமாகிப் போகிறாள். நல்லது, அங்கேயாவது காலை நனைக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தவளுக்கு, சட்டென்று இன்னொரு நினைப்பு வந்தது. போகிறவள் போய்விடவா போகிறாள்? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே வர வேண்டும்?

தை மாசம் கல்யாணம் என்று பேச்சு. பாண்டீஸ்வரி ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு விரலை மடக்கினாள். மாசி, பங்குனி, சித்திரை என்று மடக்கிக்கொண்டே வந்தவள் ஐப்பசியில் வந்து நின்றாள். கொஞ்சம் தள்ளிப்போனால் கார்த்திகை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் இந்த வீட்டில் கையே நனைக்கவில்லை, இவள் அதற்குள் பேரப்பிள்ளைக்கு மாசம் எண்ணி முடித்துவிட்டாள். ஆனாலும் கணக்கு கணக்குதான். இந்த வருஷம் வேலை தொடங்கினால் அடுத்த வருஷ ஐப்பசிக்குள் முடிந்துவிடும். இந்தத் தெரு இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போனால், பிள்ளை பெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் எந்தக் கட்டில் மேல் ஏற்றி நிறுத்துவது?

சாக்கை எடுத்தாள். டப்பாவைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். வாசலுக்கு வந்து, உள்ளே இருந்த கறையின் உயரத்துக்கு வெளிச் சுவரில் ஒரு முனையில் தொட்டு, மறுமுனை வரை இழுத்தாள். கோலம் போட்ட கை, நேராகவே இழுத்தது. புது வெளிர்மஞ்சளில் நீலம் பளிச்சென்று உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரச் சேலையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த காசிமாயன் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஒனக்கு மகள விடத் தெரு பெருசாப் போச்சு."

"அவளுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லி, மாசக் கணக்கையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். ஐப்பசி என்றதும் பிசைந்த கை நின்றது. பிறகு, "அதுக்குள்ள பேரப்பிள்ளைக்கே மாசம் குறிச்சிட்டியாக்கும்" என்று முனகிவிட்டுச் சாப்பிட்டான். அவனுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் தட்டில் சோறு மிச்சம் வைக்காமல் எழுந்தான்.

சாயங்காலம் சூரியபிரகாஷ் வந்து அவள் வீட்டுக் கோட்டையும் பக்கத்து வீட்டுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் தர்றேன்க்கா. யாராவது திருத்துறதா இருந்தாத் திருத்தச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் அம்மா ராமக்காள். நல்ல உயரம், பட்டுச்சேலை, எதையும் நின்று பார்க்கிற கண். இறங்கியவள் வீட்டுக்குள் வராமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

"அது ஒண்ணுமில்ல, பார்டர் மாதிரி ஒரு டிசைனு…" என்று காசிமாயன் ஆரம்பித்தான்.

"போன ஐப்பசியில தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு" என்றாள் பாண்டீஸ்வரி. "வடிகால் வெட்டப் போறாக. எதுவரைக்கும் வந்துச்சுன்னு கோடு போடச் சொன்னாக, போட்டேன்."

ராமக்காள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி வந்தது. தமிழ்ச்செல்வி வந்து வணங்கினாள். ராம்கி அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தான். தெருவில் மூத்தவர் என்று சோணைமுத்துவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். அடுப்படியில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்த ராமக்காள் எழுந்தாள்.

"எல போடலாமா?" என்று காசிமாயன் கேட்டான்.

"இருங்க வாரேன்" என்றவள் வாசலுக்குப் போனாள். போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள் பாண்டீஸ்வரி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ராமக்காள் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

"இந்த வீடு யாரோடது?"

"நம்மளோடதுதான்" என்றார் சோணைமுத்து, கதவோரமாக நின்று.

"இவுகளுக்கு இடுப்பளவு, ஒங்களுக்குப் படிக்குக் கீழயா? ஒங்க வீட்டுக்கு மட்டும் தண்ணி வெலகிப் போச்சாக்கும்?"

சோணைமுத்து தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். வேனுக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ராமக்காள் பாண்டீஸ்வரியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினாள்.

"எங்க வீட்டுல இம்புட்டு."

பாண்டீஸ்வரி அவளையே பார்த்தாள்.

"தரகர்கிட்ட எங்க வீடு மேட்டுத் தெருன்னு சொல்லச் சொன்னது நாந்தான். நீங்க வீடு பாக்க வாரதுக்குள்ள செவத்துல நெஞ்சு மட்டுக்கும் டைல்ஸ் ஒட்டிரணும்னு ஆளுகிட்டயும் சொல்லியாச்சு. அடுத்த வாரம் எங்க பக்கமும் இந்த மாதிரிக் கூட்டம் போடுறாகளாம். போக வேணாம்னுதான் இருந்தேன்." நீலக் கோட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பெயிண்டு மிச்சம் இருக்கா மதினி?"

மதினி என்று முறை சொல்லிக் கூப்பிட்டாளே, அதைக் கேட்ட பிறகு பாண்டீஸ்வரிக்கு மற்றதெல்லாம் காதில் விழ ஒரு நிமிஷம் ஆனது. சந்தோஷம் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. "அரை டப்பா இருக்கு. மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

இலை போட்டார்கள். எல்லாரும் கை நனைத்தார்கள். ராமக்காள் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். காசிமாயன், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கறியை அள்ளி அள்ளி வைத்தான்.

அவர்கள் கிளம்பும்போது சோணைமுத்து தன் வாசல் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டர்பன்டைன் நனைத்த துணியால் கீழ்க்கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூலை எடுத்து, "தங்கச்சி, உன் கோட்டுல இந்த முனையக் கொஞ்சம் பிடிக்கிறியா?" என்றார். தமிழ்ச்செல்வி வந்து பிடித்துக்கொண்டாள். நூல் இரண்டு வீட்டுக்கும் நடுவே விறைத்து நின்றது.

வேன் நகர்ந்தது. முன் சீட்டில் ராமக்காள், மடியில் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டு, இரண்டு பாதத்துக்கும் நடுவே நீலப் பெயிண்ட் டப்பா. தெருமுனையில், பழைய மறுகால் ஓடிய இடத்தில் வண்டி எப்போதும் ஒரு குலுங்கு குலுங்கும். குலுங்கியபோது அவள் தட்டை விட்டுவிட்டுக் குனிந்து, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.