எழிலரசி என்று கூப்பிட்டால்

1

இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் வேறொரு வலி. நேற்று விடிந்ததிலிருந்து மல்பெரித் தழை வெட்டினேன். செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்த உடம்புதான். நாற்காலியில் உட்காரவைத்து நானே அதைக் கெடுத்துவிட்டேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்த வலியிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முழு உண்மை அது இல்லை. ஒரு பத்திரிகை, நடிகர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதித் தரச் சொன்னது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நடிகை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிற ஜெயராணி. நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தது உங்களுக்குத் தெரியாது. சாவு வீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து அழுவார். ரேஷன் கடை வரிசையில் நிற்பார். நாயகன் இறங்குகிற பஸ்ஸில் கூடையோடு ஏறுவார்.

போன் செய்தேன். "பேசறதுக்கு நேரமில்லீங்க தம்பி. பூச்சி கடைசித் தீனியில இருக்குது. தழை வெட்டிக்கிட்டே பேசலாம்னா வாங்க" என்றார். நல்லம்பள்ளியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன்.

2

போவதற்கு முன்பே ஒரு தொடக்கம் எழுதிவைத்திருந்தேன். அது இப்படி:

"ஏரி வெட்டுகிற காட்சி. பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண்களெல்லாம் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் கூடையில் மண்ணை நிரப்பிக்கொண்டாள். பொய்யாக நடக்க அவள் கழுத்துக்குத் தெரியாது. இயக்குநர் அவளைப் பார்த்து"

இதை இப்படியே விடுகிறேன். இதை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உழைக்கிறவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்படி ஒரு காட்சி தானாக வந்து மடியில் விழும். தோட்டத்தில் வைத்து இதைப் படித்துக் காட்டினேன். ஜெயராணி அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? நூறு நாள் வேலையில நெசமாவே மண்ணு சொமந்தவ நானு. வெறுங்கூடை போதும்னு அவுங்களே சொல்றப்ப நான் எதுக்கு ரொப்பணும்?"

நடந்தது வேறு. அவர் கூடையும் வெறுங்கூடைதான். மற்றப் பெண்களின் கூடைகள் காற்றில் ஆடின. ஜெயராணி கழுத்தைத் தோளுக்குள் இறக்கிக்கொண்டு, கரை ஏறுகிற இடத்தில் பல்லைக் கடித்து, ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறினார். மேலே கூடையை இறக்கி வாங்க ராஜப்பன் நின்றிருந்தார். உள்ளூர்க்காரர், அன்றைக்குக் கூலிக்கு நடிக்க வந்தவர். வருகிற பெண் படுகிற பாட்டைப் பார்த்து, பாரம் என்று நம்பி, காலை அகட்டி இரண்டு கையாலும் பலமாகத் தூக்கினார். கூடை பறந்தது. ராஜப்பன் மல்லாந்து விழுந்தார். படக்குழு முழுவதும் சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்காமல் ஜெயராணியைப் பார்த்து ஊர் எது என்று கேட்டாராம்.

"அன்னைக்குத்தான் தெரிஞ்சுது தம்பி. இல்லாத பாரத்த இருக்கற மாதிரி காட்டறதும் ஒரு வேலை. என்ன, சாயங்காலம் கழுத்து வலிக்கல. அந்த வேலை எனக்குப் புடிச்சிப்போச்சு."

[அடிக்குறிப்பு: ராஜப்பன் இதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. கல் தடுக்கியது என்கிறார்.]

3

பட்டுப்பூச்சிக்கு வாசனை ஆகாது. ஷூட்டிங் முடிந்து வந்தால் ஜெயராணி பின்பக்கம் போய்க் குளித்து, பவுடர், சாயம் எல்லாம் போன பிறகுதான் பூச்சி செட்டுக்குள், அதாவது வளர்ப்புக் கொட்டகைக்குள், கால் வைப்பார். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் மருந்து அடித்தால் அந்த ஓரத்துத் தழையை வெட்ட மாட்டார். கடைசித் தீனி ஒரு வாரம். அந்த வாரத்தில் ஒரு வேளை தழை தவறினாலும் கூடு மெலிந்துபோகும்; அத்தனை நாள் பாடும் வீண்.

(இந்தப் பத்தியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். நடிகையைப் பற்றிய கதையில் பூச்சி எதற்கு? ஆனால் அவர் வருடத்தில் பாதி நாள் இதைத்தான் செய்கிறார். இருக்கட்டும்.)

கணவர் ஆண்டனி ஓசூருக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறார். வீட்டில் இருக்கிற நேரத்தில் தழையைப் பரப்பிப் போடுவார். வெட்டிச் சுமந்து வர அவருக்கு நேரம் கிடையாது. மனைவியின் படம் வந்தால் தவறாமல் போகிற ஆள் அவர். "அதோ, அதோ" என்று அவர் கை நீட்டுவதற்குள் ஜெயராணி திரையிலிருந்து போயிருப்பார். மாதா கோயிலில் பூசை முடிந்து ஜெயராணி வெளியே வந்தால், எப்போது உன்னைக் காட்டுவான், நாங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வந்துவிட்டாயா என்று சனம் கேட்கும்.

இப்போது ஒரு வேடம் வந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பெண். வசனம் உண்டு. அதைவிட முக்கியம், பெயர் உண்டு: எழிலரசி. நேற்றுச் சாயங்காலம் பஸ் ஏறினால் இன்று காலை சென்னையில் நிற்கலாம். நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று உதவி இயக்குநர் சொல்லிவிட்டார். பூச்சியோ அதற்கு முந்தின நாள்தான் கடைசித் தீனிக்கு வாய் வைத்திருந்தது.

"இத்தினி படத்துல என்னைய ஒருத்தரும் கூப்பிட்டதில்ல தம்பி. அந்தம்மாவ ஓரமா நிக்கச் சொல்லுன்னு மைக்குல சொல்லுவாங்க, அவ்ளோதான். இதுல எழிலரசின்னு கூப்பிடுவாங்க. நான் திரும்பணும். அது எனக்குப் பழக்கமில்ல."

அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தழை வெட்டும்போது, அவர் எதிர்பார்க்காத நேரத்தில், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். அரிவாள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கூப்பிட்டேன். நான்கு தண்டு வெட்டிய பிறகு, "அய்யோ, என்னையவா?" என்றார்.

4

எழுத்தாளனுக்கு இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவைப்படுகிறது. கோவிந்தம்மாளை அப்படி ஆக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "கோவிந்தம்மாள் இரும்பு மனசுக்காரி" என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.

கோவிந்தம்மாள் அடுத்த நிலத்துக்காரர், ஜெயராணியைவிட மூத்தவர். இரண்டு குடும்பத்துக்கும் நெடுநாளாக மாத்தாள் வழக்கம். உன் காட்டுக்கு நான் ஒரு நாள் வந்தால், என் காட்டுக்கு நீ ஒரு நாள் வர வேண்டும். உழைப்புக்கு உழைப்புதான் பதில். இடையில் கூலி என்ற பேச்சு வரக் கூடாது. ஜெயராணி ஷூட்டிங் போன நாட்களில் எல்லாம் தழை வெட்டியது கோவிந்தம்மாள்தான். திருப்பிச் செய்ய வேண்டிய நாட்கள் ஏறிக்கொண்டே போயின. போன வருடம், கையில் சம்பளம் இருந்த தைரியத்தில், ஜெயராணி அவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டார்.

கோவிந்தம்மாள் அந்தப் பணத்தைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போனார். "எனக்குக் கூலி குடுக்கற ஆளாயிட்டியா" என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு சண்டை இல்லை. பார்த்தால் பேசுவார். ஆனால் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பதில்லை.

ஜெயராணி அவரிடம்தான் இப்போது ஒரு வாரம் கேட்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் கேட்கவில்லை.

5

கேட்கப் பழகிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு நடுவில் என்னை நிறுத்தி, நீங்கள்தான் கோவிந்தம்மாள் என்றார்.

முதலில் கெஞ்சலாக. "உங்கள வுட்டா எனக்கு யாருக்கா இருக்கறாங்க" என்று தொடங்கும்போதே கண் நிறைந்துவிட்டது. நான் பதறிப்போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குத் திட்டு வாங்கினேன். அந்தக்கா அவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டார்களாம். மூஞ்சியைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்தது போகிற போக்கில் நினைவு வந்ததுபோல. அது அவருக்கே பிடிக்கவில்லை. அதற்கடுத்தது கோபமாக, கோவிந்தம்மாள் மகள் கல்யாணத்துக்குத் தான் செய்ததையெல்லாம் அடுக்கி. பாதியில் நிறுத்தி, இது கேவலம் என்றார்.

(நான் இந்தக் கதைக்கு எழுதிய தொடக்கங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவருடைய ஒவ்வொன்றும் மேடையேறத் தகுந்தது. என்னுடையவற்றில் ஒன்றுதான் தேறியது, அதுவும் இடுப்பு வலி.)

எனக்கு நடிப்பு வரவில்லை என்று கண்டதும், "தள்ளுங்க" என்று அவரே கோவிந்தம்மாள் ஆனார். அதை எப்படி எழுத? இடது தோள் இறங்கியது, வலது கால் கொஞ்சம் வெளியே மடங்கியது, உதடு ஒரு பக்கமாகப் போனது. ஆள் கட்டையாகிவிட்டார். அரிவாளைப் பிடித்த பிடிகூட மாறிவிட்டது. நான் அதுவரை கோவிந்தம்மாளைப் பார்த்தது கிடையாது. ஆனால் வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே தோள், அதே கால்.

6

"என் நடை அவ்ளோ கோணலாவாடி இருக்குது?" என்றார் கோவிந்தம்மாள்.

ஜெயராணி அப்படியே நின்றார். முகத்தில் இருந்த கோவிந்தம்மாள் மெதுவாகக் கலைந்தது. ஒத்திகை பார்த்த மூன்று விதமும் அவரிடம் தயாராக இருந்தன. எதை எடுப்பார் என்று காத்திருந்தேன். கோவிந்தம்மாள் முந்திக்கொண்டார்.

"அழுவற மாதிரி கேட்டியே, அது நல்லா இருந்துச்சு. டாக்கீஸ்ல காட்டு, நானும் அழுவறேன். எங்கிட்ட நடிக்காத. சும்மா கேளு."

ஜெயராணி கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். வசனம் அல்ல, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருந்தது.

"பூச்சிக்குத் தழை வெட்டணுங்கக்கா. நான் போவணும். ஒரு படத்துல எனக்குப் பேரு வெச்சிருக்கறாங்க."

"என்ன பேரு?"

"எழிலரசிங்க."

கோவிந்தம்மாள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, போகவேண்டாம் என்று யார் சொன்னது என்றார். பழைய நாட்களெல்லாம் நிற்கட்டும், அது எங்கே ஓடிப்போகிறது என்றார். வருகிற புதன்கிழமை தன் காட்டில் நிலக்கடலை பிடுங்க வேண்டும் என்பதும், அதற்கு ஜெயராணி பேரில் ஓர் ஆள் வேண்டும் என்பதும்தான் அவர் கவலை. சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏந்தம்பி, கல்லக்கா புடுங்கத் தெரியுமா, இல்ல எழுத மட்டும்தான் தெரியுமா?"

தெரியும் என்றேன். வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் என் கையில் இருந்த அரிவாளை வாங்கி, நான் வெட்டிய தண்டுகளைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசையில் இறங்கினார். பிறகு தழைக்கட்டைச் சுமந்துகொண்டு பூச்சி செட்டுக்குப் போனோம். வாசலில் டீ வந்தது. கோவிந்தம்மாள் நின்றபடியேதான் குடித்தார். ஆனால் குடித்தார்.

7

பஸ் நிறுத்தத்துக்கு மூன்று பேரும் போனோம். ஜெயராணி ஒரு பையோடு படியில் கால் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"எழிலரசி!"

கோவிந்தம்மாள்தான். ஜெயராணி சட்டென்று திரும்பினார். கூப்பிட்டது யார் என்று தெரிவதற்கு முன்பே திரும்பிவிட்டார். யார் என்று தெரிந்த பிறகு அவர் முகம் போன போக்கை எழுதுகிற அளவுக்கு எனக்குத் திறமை இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இனி முடிவு. எனக்குத் தோன்றியவை இவை:

அ) படம் வந்து ஜெயராணி பெரிய நடிகை ஆகிறார். கோவிந்தம்மாள் தியேட்டரில் முதல் வரிசையில் (இதைப் படித்தால் ஜெயராணி மறுபடியும் அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.)

ஆ) எடிட்டிங்கில் எழிலரசி போய்விடுகிறாள். அவர் வழக்கம்போலப் பின்பக்கம் குளித்துவிட்டு

இ) பூச்சிக்கு நோய் வந்து

எதுவும் எனக்குத் தெரியாது. பஸ் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். படம் வந்தால் சத்துணவுக் கூடத்துக் காட்சியில் தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். யாராவது எழிலரசி என்று கூப்பிடுவார்கள். ஒரு பெண் திரும்புகிறாளா இல்லையா என்று பார்த்து, இந்தக் கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். இல்லாத பாரத்தைக் காட்டத் தெரிந்தவர். அந்த ஒரு திரும்பலில் எவ்வளவு பாரம் வைக்கிறார் என்று எனக்கும் பார்க்க ஆசை.

இடுப்பு இன்னும் வலிக்கிறது. நாளை மறுநாள் புதன்கிழமை. கோவிந்தம்மாளுக்கு ஒரு நாள் நிலக்கடலை பிடுங்கித் தர வேண்டிய கடன் என் பேரில் நிற்கிறது.