வாய் திறக்காத அண்ணி

ஜாய்சன் சாப்பாட்டு மேசையில் அந்தத் தடிப் புத்தகத்தைத் திறந்ததும் அல்போன்சா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். பாதிச் சோற்றில் எழுந்து போகும் மனைவியை யூஜின் நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய தம்பிதான் ஜாய்சன். விவேக் நகரில் அவர்கள் வீட்டு மாடியில் மனைவி பிரிஸில்லாவோடு இருந்தான்.

"அண்ணி, இந்த ஒரு சாப்டர் மட்டும். நீங்க சொன்னா டக்குனு புரியும்" என்றான் ஜாய்சன்.

"வேற யாரையாவது கேளுப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தகவல் பாதுகாப்புத் துறையில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் ஒரு சான்றிதழ்த் தேர்வு அது. ஜனவரியில் எழுதிக் கொஞ்சத்தில் தவறிவிட்டான். தொம்மலூரில் அவன் ஒப்பந்த வேலை பார்க்கும் கம்பெனி, அந்தச் சான்றிதழ் இருப்பவர்களை மட்டும்தான் ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளப் போகிறதாம். பிரிஸில்லாவுக்கு ஐந்தாம் மாதம். வீட்டிலேயே அந்தத் துறையில் இருபது வருடமாக இருக்கும் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டேன் என்கிறாள்.

அல்போன்சா இந்த வேலைக்கு வந்ததே ஒரு மறுப்பினால்தான். பி.காம் முடித்து டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்த புதிதில், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து மேனேஜரின் பாஸ்வேர்டைக் கேட்டார். "நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பேசியவர் உண்மையிலேயே டைரக்டர். மேனேஜர் கத்தித் தீர்த்தார். கம்ப்யூட்டர் பிரிவின் அனந்தபத்மநாபன் சார் மட்டும் மறுநாள் அவளைக் கூப்பிட்டுத் தன் பிரிவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

பிறகு அதே சான்றிதழ்த் தேர்வை அவளும் எழுதினாள். முதல் தடவை தோற்றாள். பாடம் தெரியாமல் இல்லை. சில கேள்விகளின் ஆங்கிலம் அவளைச் சுற்றிச் சுற்றி அடித்தது. இரண்டாம் தடவை தேறியபோது, இந்தக் கேள்விகளை யார்தான் எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். அவளைப் போல வேலை பார்ப்பவர்கள்தான், சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் தன் பெயரையும் கொடுத்தாள். ஆறு வருடமாக ஆண்டு விடுப்பில் நான்கு நாட்கள் அதற்குத்தான். பல நாட்டுக்காரர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் பிய்த்துப் போடுவார்கள்; தேறிய கேள்விகள் வருடக்கணக்கில் தேர்வில் வந்துகொண்டிருக்கும். ஒருமுறை ஒரு கேள்வியில் அமெரிக்கப் பந்தாட்டச் சொல் ஒன்று வந்தது. "எங்க ஏரியாவில் இது யாருக்கும் தெரியாது. நாம பாதுகாப்பைக் கேக்கறோமா, பந்தாட்டத்தைக் கேக்கறோமா?" என்று அவள் தன் ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தச் சொல் போனது. அன்று திரும்பி வரும்போது விமானத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கேள்வி எழுதுபவர்கள் அந்தத் தேர்வுக்கு யாருக்கும் பாடம் சொல்லக் கூடாது. விலகினாலும் இரண்டு வருடத்துக்கு வாய் திறக்கக் கூடாது. இதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ளதானே அண்ணி, யாருக்குத் தெரியப் போகுது?" கை கழுவ வந்த ஜாய்சன் அடுப்படி வாசலில் நின்று கேட்டான்.

"எது நான் படிச்சுத் தெரிஞ்சது, எது அங்க பாத்துத் தெரிஞ்சதுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது ஜாய்சன். நீ பாஸ் பண்ணா, உன்னாலயா என்னாலயான்னு ஆயுசுக்கும் யோசிச்சுட்டு இருப்பேன்."

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சும்மா போயி செய்றீங்க" என்று சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் கேள்வி எழுதும் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தன் இந்தத் தேர்வை எழுதப் போகிறான், தெரிவிக்க வேண்டியது என் கடமை. இரண்டு நாளில் பதில் வந்தது. மிகவும் நன்றி, இந்த வருடம் மட்டும் ஒதுங்கியிருங்கள் என்று. சிங்கப்பூரில் நடக்க இருந்த அந்த வருடக் கூட்டத்துக்கு அவள்தான் தலைமை தாங்குவதாக இருந்தது. முதல் முறையாக.

"அவனுக்குச் சொல்லித்தரவும் முடியல, சிங்கப்பூரும் போச்சே அல்போ" என்றான் யூஜின். அவன் பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை விஷயத்தில் அவளைத் தப்புச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "சொல்லாம இருந்திருக்கலாமேன்னு சொல்லவும் முடியல."

"அவன்கிட்ட சொல்லாதீங்க."

பத்து நாள் வரை யூஜின் சொல்லவில்லை. மாடியிலிருந்து யாரும் சாப்பிட இறங்கவில்லை. அல்போன்சா குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிப் படிக்கட்டில் வைப்பாள், கிண்ணம் கழுவித் திரும்பி வரும். பதினோராம் நாள் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது ஜாய்சன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"சிங்கப்பூர் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாங்களாமே."

"உங்க அண்ணனுக்கு வாய் நிக்காது."

"எனக்காகவா அண்ணி?"

"உள்ளதச் சொன்னேன். அவ்வளவுதான்."

அவன் ஒரு பூண்டை எடுத்துத் தோலோடு போராடினான். கண் கலங்கியிருந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். "உரிக்கத் தெரியலன்னா விடு. போயி படி" என்றாள். அன்று சாயங்காலத்திலிருந்து சாப்பாட்டு மேசை அவனுடையதானது. அவன் படிக்கும்போது டி.வி. போடக் கூடாது என்று யூஜினுக்கு உத்தரவு. பிரிஸில்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, துணி காயப்போடுவது எல்லாம் அல்போன்சா பார்த்துக்கொண்டாள். சத்தமாகப் படிக்கையில் அவன் தப்பாகச் சொன்னால் அவள் கரண்டி ஒரு நொடி நிற்கும். அதைக்கூட அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.

மே மாதம் தேர்வு நாளன்று அவளே ஸ்கூட்டரில் அவனைக் கொண்டுபோய் விட்டாள். எதிர்ப்பக்க பேக்கரியில் இரண்டு டீ குடித்தாள், ஒரு பன்னை மெல்லப் பிய்த்துத் தின்றாள். ஜெபமாலை பையில் இருந்தும் எடுக்கவில்லை. கேள்வி எழுதுபவளே இவன் பாஸாகட்டும் என்று ஜெபிப்பதா என்று ஒரு கூச்சம்.

மூன்று மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். கையில் மடித்த தாள். ரோட்டைத் தாண்டும்போதே தலையை ஆட்டினான், இரண்டு ஆட்டோக்கள் ஹார்ன் அடித்தன.

"பாஸ் அண்ணி."

அவள் அவன் தோளைத் தட்டினாள்.

"அதுல ஒரு கேள்வி அண்ணி, அவ்வளவு தெளிவா, பக்கத்துல ஒக்காந்து கேக்கற மாதிரி—"

"சொல்லாத. நீயும் கையெழுத்துப் போட்டுருக்க."

"கேள்வியச் சொல்லல, அத எழுதினவங்க யாரோ—"

அல்போன்சா ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் கண்ணாடியை இறக்கினாள். ஒரு பி.எம்.டி.சி. பஸ் உறுமிக்கொண்டு கடந்தது. புகைபடிந்த கண்ணாடிக்கு அப்பால் ஜாய்சன் இரண்டு கைகளையும் விரித்து, சிரித்து, விடாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான்.