கேட்டதை மட்டும் அடிக்கவும்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. ஒரு கூட்டத்தில் நான் பேசிய பேச்சை, ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தேன். மேடையில் வெளுத்து வாங்கிவிட்டதாகத்தான் அதுவரை எனக்கு நினைப்பு. வந்த தாள்களிலோ, "அதாவது வந்து... நான் என்ன சொல்ல வரேன்னா... இந்த எழுத்துங்கிறது..." என்று அந்தரத்தில் தொங்கும் வாக்கியங்கள். மானம் கப்பலேறியது. உடனே போன் போட்டுக் கத்தினேன். மறுமுனையில் இருந்த பெண்மணி என்னைக் கத்தி ஓய விட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க முடிக்காததை நாங்க முடிக்கக் கூடாது சார்."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் என்னை விடவில்லை. அதற்கு ஒரு வீடும் ஒரு அம்மாவும் ஒரு தங்கையும் நானாகக் கொடுத்தேன். அவரை நான் பார்த்ததே இல்லை.

2

முதல் தொடக்கம்: "ஹெட்போன்களின் கரிய மௌனத்துக்குள் அவள், காலம் கசியும் குரல்களை..."

சீ, வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நானே மேலே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "பெரியவள் அந்த நிறுவனத்துக்கு ஆள் எடுக்கிறவள்." சப்பென்று இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியவளுக்கு ஆபீசில் பட்டப்பெயர் பாம்புக்காது. அங்கே விசாரணைகள், வாக்குமூலங்கள், மருத்துவர்களின் குறிப்புகள் எல்லாம் குரலாக வந்து தாளாகப் போகும். டைப்பிஸ்டுகளுக்குக் காதில் ஹெட்போன், காலடியில் பெடல். அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

வேலைக்கு வருகிற எல்லோருக்கும் பரீட்சை ஒன்றுதான். கட்டடச் சாரம் சரிந்த விபத்தைப் பற்றி ஒரு மேஸ்திரி பேசுகிற பழைய பதிவு. மனிதர் பாவம், எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார். "கயிறை நான்தான்..." என்பார், மூச்சு வாங்குவார், வேறெங்கோ போய்விடுவார். தாளின் தலையில் ஒரே விதி: கேட்டதை மட்டும் அடிக்கவும். எழுத்துப்பிழையைப் பெரியவள் மன்னிப்பாள். வேகம் குறைந்தாலும் பழகிக்கொள்ளலாம் என்பாள். மேஸ்திரி விட்ட வாக்கியத்தை முடித்துவைக்கிற ஆளை மட்டும் எடுக்கவே மாட்டாள். ஒருமுறை ஒரு டைப்பிஸ்ட், ஒரு காவலாளியின் "நான் கதவை..." என்ற பேச்சுக்குப் பின்னால் "பூட்டவில்லை" என்று நல்லெண்ணத்தில் சேர்த்துவிட, அந்தக் காவலாளிக்கு வேலையே போயிற்று.*

* காவலாளியை நடுவில் நுழைத்தது, விதியில் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான். அவருக்குத் தனிக் கதை கேட்காதீர்கள்.

3

இப்போது சின்னவள் வர வேண்டும். இவளை எழுதத்தான் எனக்குப் பயம். முதல் வரைவில் பொறுமையின் சிகரமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். அவளும் மனுஷிதானே, எரிச்சல் வராதா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு பாதியாகிப்போனது. பெரியவளுக்கு அதற்குள் வேலை, கல்யாணம், தனி வீடு எல்லாம் ஆகியிருந்தது. அம்மா சின்னவளோடு நின்றுவிட்டாள். [பெரியவள் வரவே இல்லையா என்றால், வந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில், பழத்தோடு, ஆனால் – இந்த வாக்கியம் அவளைக் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. விட்டுவிடுகிறேன்.]

அம்மா "அந்த ஜன்னல்..." என்று இழுத்தால், வெயில் படுகிறது என்று சின்னவள் போய்ச் சாத்துவாள். "உங்கக்கா இன்னும்..." என்றால், நாளைக்கு வருவாள் என்பாள். அம்மா தலையாட்டுவாள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாய்தான். சின்னவளுக்கோ வெளியே போக வேண்டும், நாலு பேரோடு பழக வேண்டும், தன் பேச்சைத் தான் பேச வேண்டும். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் கிடைத்தாள். அக்காவின் நிறுவனத்தில் சேர, வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு.

"போய் எழுதுடி. உன் கை வேகத்துக்கு ஒருத்தர் கிட்ட வர முடியாது" என்று கிளப்பிவிட்டவளும் பெரியவள்தான்.

4

பரீட்சைத் தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஒரு தாளில் பெரியவள் கண் நின்றது. ஒரு கால்புள்ளிகூடப் பிசகவில்லை. எல்லோரையும்விட முன்னால் முடிந்த தாளும் அதுதான். ஆனால் மேஸ்திரி எங்கெங்கே நிறுத்தினாரோ, அங்கெல்லாம் வாக்கியம் முழுசாக இருந்தது. "கயிறை நான்தான் கட்டினேன். அவனைக் கூப்பிட்டேன், அவனுக்குக் கேட்கவில்லை." அடுத்தவர் வாயில் நின்றுபோனதை இவ்வளவு பதமாக முடித்துவைக்கத் தெரிந்த ஆள், அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

(இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தாளைத் தேறியவர்கள் அடுக்கில் வைத்தால் கதை சுபம். வைத்தும் பார்த்தேன், பெரியவள் கை போகவில்லை. அந்தக் காவலாளியை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது.)

பெரியவள் தாளை ஒதுக்கினாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆபீசில் காரணத்தைச் சொன்னபோது சின்னவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எங்கக்கா முடிச்சேன்? அவர் சொன்னாரே. என் காதால கேட்டேன்" என்றாள். பெரியவள் அவளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். சின்னவள் பெடலை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். "நான்தான்" என்பதற்குப் பிறகு மேஸ்திரியின் மூச்சு மட்டும்தான் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5

ஞாயிற்றுக்கிழமை. பெரியவள் பழத்தோடு வந்தாள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த அம்மா "அந்தத் தண்ணி..." என்றாள்.

சின்னவள் அசையவில்லை. பெரியவள் ஓடிப்போய்த் தம்ளரில் கொண்டுவந்தாள். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். வெந்நீரா, குளிக்கவா, குழாய் ஒழுகுகிறதா? பாம்புக்காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

நான் முதலில் எழுதியது சின்னவள் குத்திக்காட்டுவதாகத்தான். அது அவளுக்குப் பொருந்தவில்லை. அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள்.

"எனக்குத் தெரியலைக்கா. இத்தனை வருஷமா அம்மா பேசினதுல எது அம்மா பேசினது, எது நான் பேசினது?"

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெரியவளின் கையைப் பிடித்தாள். சின்னவளைப் பார்த்துக்கொண்டே, "நீ... இவளை..." என்றாள். பேச்சு நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. "கூட்டிக்கிட்டுப் போயிடு" என்பது ஒன்று. "ஏன் இப்படிப் பண்ணிட்டே" என்பது இன்னொன்று. மூன்றாவது என்னையே அழவைத்தது, அதனால் அதன் மேல் சந்தேகம் வந்து கோடு போட்டு அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். அம்மா வாய் திறந்தபடி நிறுத்திய கணத்திலேயே மனசுக்குள் முடித்துவைத்திருப்பீர்கள். தப்பில்லை, அன்பு இருக்கிறவர்கள் செய்கிற காரியம்தான். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

அந்த அறையில் பெரியவள் மண்டி போட்டு, அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்னவள் மடித்த துணியால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், எங்கே தானே சொல்லிவிடுவோமோ என்று. அம்மாவின் உதடு அசைகிறது.

நான் கேட்டது அவ்வளவுதான்.