ஆஜூ இறக்கிப் பாடிய இடம்

கவ்ஷியுங் நகர இசைக்குழுவில் பதினோரு வருடமாகப் பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறேன். வட்டமாகச் சுருண்ட பித்தளைக் குழல் அது; அதில் தப்பாக ஊதிவிட்டு யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குழுவை நடத்தும் ஃபாங் சார் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தபோது என் முன்னாலிருந்த நோட்டுத் தாளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.

"பாட்டுல 'ஏறமாட்டேன்'னு வர்ற இடத்துல என்ன ஊதினே, பெய்ரொங்?"

"எழுதியிருக்கிறதைத்தான் சார்."

"காதுல கல்லு விழுந்த மாதிரி இருக்கே."

வயலின்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, பதினாறு பேர்.

அரங்கின் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கோ ருய்யுன் கையை உயர்த்தினார். "அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. அது என் தங்கச்சி பண்ணின தப்பு."

ருய்யுன் அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால், ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, தான் எழுதிய பன்னிரண்டு பாட்டுகளை ஒரு கேசட்டில் பாடினார். இந்த ஊர் டாக்சிகளிலும் மீன் சந்தையிலும் அது ஓடி ஓடித் தேய்ந்தது. கூடவே இரண்டாம் குரல் பாடியது தங்கை ஆஜூ. ஆஜூ அதோடு பாட்டை விட்டுவிட்டு யென்செங் பகுதியில் காலைச் சிற்றுண்டிக் கடை போட்டார். இப்போது அதே பாட்டுகளை எங்கள் அறுபது பேரோடு அக்கா மறுபடி பதிவு செய்கிறார். மெட்டெல்லாம் அவருடைய பழைய நோட்டில் இருந்தது. தங்கையின் குரலை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டுகளை இசைக்குழுவுக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த செங்ஹான், கேசட்டைக் கேட்டுக் கேட்டு அதை எழுதி, என் ஹார்னுக்குக் கொடுத்துவிட்டான். தொண்டையை மிச்சம் பிடிக்க, காலை ஒத்திகையில் அக்கா பாடவில்லை. அவர் மெட்டை வயலின்கள் வாசித்தன.

"அந்த ஒரு இடத்துல அவ அரை ஸ்வரம் கீழ இறங்கிடுவா. எத்தனை வருஷம் கிண்டல் பண்ணியிருக்கேன்!" என்றார் அக்கா.

"அப்ப திருத்திடலாம்" என்று ஃபாங் சார் பென்சிலை எடுத்தார்.

"வேணாம். மதியம் அவ வர்றா. அவகிட்டயே கேட்டுக்குவோம்."

கடையைச் சாத்திவிட்டுப் பன்னிரண்டரை மணிக்கு ஆஜூ வந்தார். தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்தது. இரண்டு கைகளிலும் பைகள்: முட்டை வைத்துச் சுருட்டிய தான்பிங், வறுத்த முள்ளங்கி கேக், ஐஸ் போட்ட பால் தேநீர். மேடை முழுக்க எண்ணெய் வாசம். யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை, எல்லாரும் தின்றோம்.

"ஏய் ஆஜூ, உன் தப்பை இந்தப் பொண்ணு அப்படியே ஊதறா பாரு" என்றார் அக்கா, வாய் நிறைய முட்டையோடு.

ஆஜூ என் பக்கம் திரும்பினார். "எங்க, ஊது."

ஊதினேன்.

"சரியாத்தான் ஊதறே."

"சரியா? இறங்கிடுச்சேடீ!"

"நீ ஏறினே, நான் இறங்கினேன்."

அக்கா மெல்வதை நிறுத்தினார்.

"அந்த இடம் வந்தா உனக்கு ஒரு ஆவேசம் வந்துடும். அரை ஸ்வரம் மேல போயிடுவே. நான் என் இடத்துலயே நின்னா ரெண்டும் முட்டிக்கும். அதான் இறங்கி, உன்கூட ஒத்துப் போற மாதிரி நின்னுக்கிட்டேன்."

"சும்மா சொல்லாதே."

செங்ஹான் தன் போனில் பழைய பதிவைத் தேடிப் போட்டான். எல்லாரும் கேட்டோம். அக்காவின் குரல் கூரையில் கைவைக்கிற மாதிரி ஏறியது. தங்கை குரல் கீழே போய்த் தாங்கியது. செங்ஹானின் காது சிவந்தது. "மெட்டு நோட்டுல இருந்ததால நான் உங்க குரலைச் சரிபார்க்கலை" என்று அக்காவிடம் முணுமுணுத்தான்.

"ஏன்டீ இத்தனை வருஷமா சொல்லலை?" அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் ரேடியோவுல எல்லாம் உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கேனே."

"சொன்னா நீ பயந்து பயந்து பாடியிருப்பே. உன் குரல் முழுசா திறக்கிறதே அந்த இடத்துலதான். கிண்டல்தானே, போகட்டும்னு விட்டுட்டேன். கடைக்கு வர்றவங்க, 'தப்பா பாடினது நீங்கதானே'ன்னு கேட்டுட்டு ரெண்டு தான்பிங் கூட வாங்குவாங்க."

அக்கா எழுந்து போய்த் தங்கையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். கையை எடுக்காமல் அப்படியே சிறிது நேரம் நின்றார். பிறகு அடக்கமாட்டாமல் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

மதியம் பதிவு தொடங்கியது. முதல் தடவை அக்கா நோட்டில் உள்ளபடியே கவனமாகப் பாடினார், நானும் திருத்திய ஸ்வரத்தை ஊதினேன். தப்பே இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் குரல் நூலாக இளைத்துவிட்டது. ஃபாங் சார் குச்சியை வைத்துவிட்டு கீழே இருக்கையில் இருந்த ஆஜூவைப் பார்த்தார். ஆஜூ உதட்டைப் பிதுக்கினார்.

"ருய்யுன், நீங்க உங்க இஷ்டத்துக்கு ஏறுங்க" என்றார் ஃபாங் சார். "வயலின், அந்த ஒரு இடத்துல அரை ஸ்வரம் மேல. பெய்ரொங், நீ காலையில ஊதினதையே ஊது."

இந்தமுறை அக்கா ஏறினார். நான் இறங்கினேன். பதினோரு வருடத்தில் என் ஹார்ன் ஒரு குரலுக்கு அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. பாட்டு முடிந்து கடைசி ஒலி அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

அடுத்தது ஒரு தாலாட்டு. பாதியில் ஒலிப்பதிவு அறையிலிருந்து குரல் வந்தது: "மன்னிக்கணும், ஏதோ உறுமல் கேக்குது."

ஏழாவது வரிசையில் ஆஜூ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விடியுமுன்பே மாவு கரைக்க எழுந்தவர். எழுப்புவதற்காகச் செங்ஹான் எழுந்தான்.

"விடு, தூங்கட்டும்" என்றார் அக்கா. "ட்ரம் அடிக்கிற பாட்டு ஒண்ணு இருக்கே? அதை இப்ப எடுத்துடலாம்."